‘கமிங்’ என்னும் காலம்: ஓர் இலக்கண ஆய்வு

ஞாயிறு பகல் 12.40. விருந்துக்கு வரவேண்டிய நண்பரைக் கைப்பேசியில் கூப்பிட்டேன். “ஐ ஆம் கமிங்டா” என்றார். பின்னணியில் வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றும் ஓசை. 1.15க்கு மறுபடியும் கூப்பிட்டேன். “கமிங், கமிங்!” இந்த முறை பீரோக் கதவு கிறீச்சிட்டது. இங்கே இலை போட்டாயிற்று, சாம்பார் ஆறி ஏடு கட்டிவிட்டது. இவ்வாய்வு பசியில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வதுதான் ஆய்வு நேர்மை.

பேசும் கணத்தில் நடந்துகொண்டிருப்பதைச் சொல்வது தொடர் நிகழ்காலம் என்றுதான் பள்ளியில் படித்தோம். அதன்படி நண்பர் குற்றவாளி. ஆனால் தீர்ப்பெழுத உட்கார்ந்தால் ஆங்கிலமே அவருக்கு வக்காலத்து வாங்குகிறது. நாளை மாலைக்குப் பேசிவைத்த சந்திப்பையும் ‘ஐ ஆம் மீட்டிங் ஹிம் டுமாரோ’ என்றுதான் வெள்ளைக்காரர் சொல்கிறார். ஏற்பாடு உறுதியாகிவிட்டால் போதும், எதிர்காலத்துக்கும் ‘இங்’ போடலாம். நண்பரின் வருகையும் உறுதியானதுதான். சட்டை மட்டும்தான் போடவில்லை.

போதாக்குறைக்குத் தொல்காப்பியரும் அவர் பக்கம். விரைவு கருதினால், இனி நடக்கப்போவதை நடந்து முடிந்ததாகவே சொல்லலாம் என்று சொல்லதிகாரத்தில் அனுமதி உண்டு. உரைகாரர்கள் அதற்குக் காட்டும் ஆளைப் பாருங்கள்: கூட வரவேண்டிய தோழன் அவசரப்படுத்துகிறான், இவனோ இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, சாப்பிட்டாயிற்று, கிளம்பியாயிற்று என்கிற பொருளில் பதில் சொல்கிறான். மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றுக்காகவும் காலம் மாறலாம் என்று நன்னூலாரும் சலுகை தருகிறார். இவர்களோடு ஒப்பிட்டால், குளித்தபடி வெறும் நிகழ்காலத்தோடு நிறுத்திக்கொண்ட என் நண்பர் அரிச்சந்திரன்.

‘ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்’ என்பது இதைவிடச் சிக்கலான வழக்கு. ஆங்கிலத்தில் ‘ஹேவிங் லஞ்ச்’ சரி, சாப்பிடுவது செயல். உடைமையும் அறிவும் செயல் அல்ல, நிலை. அவற்றுக்கு ‘இங்’ ஒட்டாது. பிள்ளையோடு ‘ஹேவிங்’ சேர்ந்தால் பிரசவம் நெருங்குகிறது என்றே பொருள். நேர்காணலில் மீசை வைத்த ஒருவர் இதைச் சொல்லும்போது, ஆங்கிலேயர் காதில் விழுவது இரட்டைக் கர்ப்பம்.

இதற்குத் தாய்மொழியின் தாக்கம் என்று காரணம் காட்டுவார்கள். நேரடி மொழிபெயர்ப்பு என்ற பொருளில் என்றால் வன்மையாக மறுக்கிறேன். ‘எனக்கு இரண்டு பிள்ளைகள் இருந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று எந்தத் தமிழர் சொல்லியிருக்கிறார்? உண்மைக் குற்றவாளி ‘கிறு’ என்னும் நிகழ்கால இடைநிலை. ‘சாப்பிடுகிறேன்’ என்ற ஒரே சொல் தினசரிப் பழக்கத்தையும் இந்த நிமிடத்துக் கவளத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. ஆங்கிலம் அதை இரண்டு வடிவங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. எதை எடுப்பது என்று தெரியாதபோது நாம் நீளமானதை எடுத்துக்கொள்கிறோம். நீளமாகச் சொன்னால்தான் மரியாதை என்பது கல்யாணப் பத்திரிகை நமக்குக் கற்றுத் தந்தது.

(நம்மிடம் ‘ஆநின்று’ என்று தனியாக ஒரு நிகழ்கால இடைநிலையும் இருந்தது. ‘உண்ணாநின்றான்’ என்றால் சாப்பிடுகிறான் என்று பொருள். உண்ணாமல் நின்றான் என்றும் படிக்க இடம் கொடுத்த சொல் வழக்கொழிந்ததில் வியப்பில்லை.)

விருப்பமும் ஆங்கிலத்தில் நிலைதான். ஆனால் 2003இல் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் ‘ஐ ஆம் லவிங் இட்’ என்று உலகமெங்கும் விளம்பரம் செய்தது. நம்மவர் சொன்னால் பிழை, பர்கர் விற்பவர் சொன்னால் நடை. இந்த வாசகம் முதலில் ஜெர்மனியில் அரங்கேறியது. ஜெர்மன் மொழியிலோ ஆங்கிலத்தைப் போல ‘இங்’ வடிவமே கிடையாது. அங்கே சாதாரண நிகழ்காலமாக இருந்தது ஆங்கிலத்துக்கு வந்ததும் வால் முளைத்துக்கொண்டது. ‘ஹேவிங்’ காரர்கள் மேல்முறையீடு செய்ய இந்த ஒரு சான்றே போதும்.

நண்பர் 2.20க்கு வந்து சேர்ந்தார். இலக்கணப்படி அவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கிறேன். வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘கமிங்’ என்ற சொல் காதில் விழுந்தால் அரிசியைக் களையலாம், இலையை மட்டும் போட்டுவிடாதீர்கள்.