எண் ஏறும், அடி விழாது

திறந்தவெளி ஆக்‌ஷன் கேம் என்ற வகை இரண்டு வாக்குறுதிகளின் மேல் நிற்கிறது. எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்பது ஒன்று. போகப் போக நாயகன் சண்டையில் தேறுவான் என்பது மற்றொன்று. முதலாவதை நிறுவனங்கள் பெரும்பாலும் காப்பாற்றிவிடுகின்றன. இரண்டாவதில்தான் இழுபறி.

2004-இல் ராக்ஸ்டார் வெளியிட்ட ‘ஜிடிஏ: சான் ஆண்ட்ரியாஸ்’ இந்த இழுபறிக்கு மூத்த உதாரணம். தமிழ்நாட்டு பிரவுசிங் சென்டர்களில் பல ஆண்டு ஓடிய கேம் அது. திண்டுக்கல்லை அடுத்த ஆத்தூர், செம்பட்டி, சின்னாளபட்டிப் பக்கம் பிள்ளைகளின் படிப்புக்கென்று வாங்கிய கம்ப்யூட்டர்களில் மிக ஊன்றிப் படிக்கப்பட்டதும் அதன் வரைபடம்தான். நாயகன் சிஜே ஜிம்முக்குப் போனால் தசை ஏறும். பர்கர் தின்றால் தொப்பை ஏறும். பட்டினி கிடந்தால் இரண்டும் இறங்கும். கேமில் ஒரு நாள் என்பது நிஜத்தில் 24 நிமிடம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஜிம்மும் ஒரு கட்டத்தில் வாசலைக் காட்டிவிடும். மூன்று நகரங்களில் மூன்று ஜிம்கள்: பாக்சிங், குங்ஃபூ, கிக்பாக்சிங். அங்குள்ள மாஸ்டரையே அடித்துச் சாய்த்தால் அவருடைய பாணி கைக்கு வரும். வந்த கையோடு முந்தைய பாணி மறந்துபோகும். இத்தனை பாடுபட்டுக் கற்றதைக் காட்டத் தெருவில் இறங்கினால், எதிரே நிற்பவன் கையில் துப்பாக்கி இருக்கும்.

துப்பாக்கிக்கும் படிகள் உண்டு. கற்றுக்குட்டியாகத் தொடங்கி, கேங்ஸ்டராகி, ஹிட்மேன் ஆகலாம். சுடச் சுட ஏறும். காரைச் சுட்டாலும் கணக்கில் சேரும். ஆகவே கூலிக்கொலையில் உச்சம் தொட்ட பலருடைய பலிகள், ஓரமாக நிறுத்தியிருந்த கார்கள்.

ஏறியதைச் சேமிக்க சிஜே தன் வீட்டுக்கு வர வேண்டும். மிஷன் நடுவே சேமிக்க முடியாது. 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே நாளில் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. யூபிஎஸ் இல்லாத வீட்டில் கரண்ட் போய்த் திரும்பினால், திரையில் நிற்பவன் பழைய நோஞ்சான். இதற்கு மாற்று சீட் கோட். ‘ஹெசோயாம்’ என்று தட்டினால் உயிர், கவசம், இரண்டரை லட்சம் டாலர். ‘புரொஃபெஷனல்கில்லர்’ என்று தட்டினால் கார்களுக்குச் சேதமில்லாமல் ஹிட்மேன். எந்த மின்வெட்டிலும் அழியாத திறமை, ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. போகிற போக்கில் ஆங்கில ஸ்பெல்லிங்கும் கொஞ்சம் தேறியது.

பெதஸ்டாவின் ‘ஆப்லிவியன்’ (2006) வேறு வழியில் ஏமாற்றியது. அதில் நாயகன் லெவல் ஏறினால் எதிரிகளும் கூடவே ஏறுவார்கள். பல மாதம் பாடுபட்டு வீரனானவனை மறிக்கும் வழிப்பறிக்காரன், விலையுயர்ந்த கவசம் அணிந்துகொண்டு நூறு பொற்காசு கேட்பான். அந்தக் கவசத்தை விற்றாலே அவன் தொழிலை விட்டுவிடலாம். லெவல் ஏற வேண்டுமென்றால் நாயகன் கட்டிலில் படுத்துத் தூங்க வேண்டும் என்பது விதி. இதைக் கண்டுகொண்டவர்கள் தூங்கவே இல்லை. கடைசிவரை முதல் லெவலிலேயே நின்று, எதிரிகளையும் அங்கேயே நிறுத்தி, உலகத்தைக் காப்பாற்றினார்கள். வளராமலிருப்பதே சிறந்த வளர்ச்சித் திட்டமாக அமைந்த கேம்கள் அதிகமில்லை.

அதே நிறுவனத்தின் ‘ஸ்கைரிம்’ (2011) வெளியான புதிதில், மலிவான இரும்புக் குறுவாளை நூற்றுக்கணக்கில் அடித்துக்கொண்டே இருந்தால் டிராகன் எலும்பில் கவசம் செய்யும் அளவுக்குக் கொல்லர் வேலை கைவந்தது. பிறகு திருத்தினார்கள். திருத்தாமல் விட்டது பூட்டுத் திறக்கும் கலை. அதற்கென்று தனியாக ஒரு திறன் கிளை, படிப்படியாக. ஆனால் ஒரு புள்ளிகூடச் செலவழிக்காமல், ஒடிவதற்குப் போதிய கம்பிகளும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால், உச்சநிலைப் பூட்டும் திறந்துகொள்ளும். ஆத்தூரில் பஸ் ஏறினால் வந்துவிடும் திண்டுக்கல்லில் கையால் செய்யும் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர்க்காரர்கள் ஸ்கைரிமின் பூட்டுகளைப் பார்த்தால் வருந்துவார்கள்.

சண்டையின் அமைப்பும் பெரிதாகத் தேறவில்லை. 2007-இல் வந்த முதல் ‘அசாசின்ஸ் கிரீட்’டில் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டாலும், தமிழ்ப்பட வில்லனின் அடியாட்கள்போல முறைவைத்து வந்து அடி வாங்கினார்கள். அலுப்பாக இருந்தாலும் கத்தி பட்டால் ஆள் விழுந்தான். அதே வரிசையின் ‘ஆரிஜின்ஸ்’ (2017), ‘ஒடிஸி’ (2018) இரண்டிலும் அதுவும் போயிற்று. பின்னால் பதுங்கி வந்து கழுத்தில் கத்தியை இறக்கினாலும், எதிரியின் லெவல் பெரிதாக இருந்தால் ஆயுள் கோட்டில் ஒரு பகுதிதான் குறையும். அவன் திரும்பிப் பார்ப்பான், கோபமாக. அந்த லெவலை எட்ட ஆகும் நேரம் நீளம் என்று நினைப்பவர்களுக்காக, அனுபவப் புள்ளிகள் ஐம்பது சதவீதம் கூடுதலாகச் சேரும் வசதியை யூபிசாஃப்ட் தனிக்காசுக்கு விற்றது.

அடுத்து வந்த ‘வல்ஹல்லா’ (2020) திறன்களை வானத்து நட்சத்திரக் கூட்டமாக விரித்து வைத்தது. பெரும்பாலான நட்சத்திரங்களில் கிடைப்பது தாக்குதலில் துளி, தற்காப்பில் துளி. நாயகன் ஐவோர் கப்பலேறி ஊர் ஊராகக் கொள்ளையடிக்கும் வைக்கிங். கீழே விழுந்துகிடக்கும் எதிரியைக் காலால் மிதிக்க மட்டும் அவனுக்குத் தெரியாது. அதற்குப் புள்ளி சேர்த்து, அந்த நட்சத்திரத்தைத் திறக்க வேண்டும். பிடிக்காவிட்டால் எல்லாப் புள்ளிகளையும் செலவில்லாமல் திரும்பப் பெறலாம். பெற்றதும் மிதிக்கத் தெரியாமல் போய்விடும்.