சிவகாசி விலையில் ஒரு தூண்டில்

கேள்வி: "சிவகாசியிலிருந்து நேரடியாக வீட்டுக்கே பட்டாசு, 80 சதவீதம் தள்ளுபடி" என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வருகிறது. முன்பணம் கட்டலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: கட்டாதீர்கள் அம்மா. திரியைக் கிள்ளும் முன்பே உங்கள் பணம்தான் வெடித்துப் போகும்! அந்த 80 சதவீதத்தில் மயங்க ஒன்றுமில்லை. பட்டியலில் விலையை ஏற்றி அச்சடித்துவிட்டுப் பிறகு குறைப்பது பட்டாசு வியாபாரத்தில் பழைய வழக்கம். ஆன்லைனில் பட்டாசு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே உத்தரவிட்டிருக்கிறது. பெட்டி வரவில்லை என்றால் யாரிடம் போய் நியாயம் கேட்பீர்கள்? உரிமம் உள்ள கடைக்கு நேரில் போங்கள், பெட்டி கைக்கு வந்ததும் காசைக் கொடுங்கள்.

இதைவிடக் கொடுமை, பணம் கட்டியவர்களுக்கு அடுத்து வரும் அழைப்பு. "சரக்கு தீர்ந்துவிட்டது, பணத்தைத் திருப்பித் தருகிறோம், க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்" என்பார்கள். சம்பளம் கணக்கில் ஏற எந்த மாதமாவது பின் போட்டிருக்கிறீர்களா? யுபிஐ பின் போட்டுப் பணம் பெறுவது என்று ஒன்று கிடையவே கிடையாது. அதைப் போட்டால் பணம் போகும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். திருடர்கள் பணத்தைக் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றுவதற்குள் முடக்க முடிந்தால் மீட்க வழியுண்டு. வெட்கப்பட்டு மறைப்பவர்களை நினைத்தால்தான் எனக்கு மனம் தாங்கவில்லை. வீட்டில் அப்பா ஏமாந்திருந்தால், தயவுசெய்து திட்டாதீர்கள். முதலில் போனை எடுங்கள்.