லியோ நலம், வலதுபக்கம் மட்டும் கேட்காதீர்கள்

அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல்லுக்குப் போகிற மலைச்சாலையில் இருக்கிறது நாட்றாம்பாளையம். சுற்றிலும் காடு. 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் என்று அறிவித்தார்களே, 500 சதுர கிலோமீட்டருக்கு மேல், அந்தக் காடுதான். வெள்ளிக்கிழமை சாயந்திரமானால் பெங்களூர் வண்டிகள் இந்த வழியாக அருவிக்கும் மீன் வறுவலுக்கும் இறங்கும். இதைப் பார்த்துக்கொண்டே இருந்த லோகேஷ், ஓசூர் சிப்காட் வேலையை விட்டுவிட்டு வந்து, அப்பா கேழ்வரகு விதைத்த நிலத்தில் கம்பிவலை அடித்து நாய்களுக்கு ஒரு விடுதி திறந்தான். அவனுடைய தாய்மாமன் மாதையன் தேன்கனிக்கோட்டை கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வெள்ளாடு வளர்க்கிறார். இருவரும் கற்பனை. இவர்கள் வாயில் வரும் சட்டங்களும் வழக்குகளும் நிஜம்.

மாதையன்: என்னடா மாப்ளே, நாய் கழுத்துல துண்டு கட்டியிருக்கே? எந்தக் கட்சி?

லோகேஷ்: அது பண்டானா மாமா. பெங்களூர் நாய்ங்க எல்லாம் கட்டும். போட்டோவுக்கு எடுப்பா இருக்கும்.

மாதையன்: துண்டுக்கு அடியில ஈ மொய்க்குதே, அதுவும் போட்டோவுக்கா?

லோகேஷ்: ஒண்ணுமில்லீங்க மாமா. திங்கக்கிழமை லியோவுக்கும் ராக்கிக்கும் ஒரு சின்ன கருத்து வேறுபாடு.

மாதையன்: எதைப் பத்தி?

லோகேஷ்: மாட்டுத்தோல் குச்சி பத்தி. கடிச்சு விளையாடக் கொடுப்போம்ல... ஒண்ணுதான் கையில இருந்துச்சு.

மாதையன்: பங்காளிங்க ரெண்டு பேருக்கு நடுவுல ஒரே ஒரு கெணத்தை வெச்சுட்டுப் போன மாதிரி போட்டிருக்கே. அவுரு அந்தத் துண்டை.

(அவிழ்த்தான். வலது காதுக்குக் கீழே, கழுத்து மடிப்பில், மஞ்சள் அப்பி முடி திரிதிரியாக ஒட்டியிருந்தது. மாதையன் எச்சில் தொடாமல் இரண்டு விரலால் முடியைப் பிரித்தார். கேழ்வரகு மணி அளவில் இரண்டு ஓட்டை. பக்கத்தில் லேசாக அழுத்தினார். ஓட்டையின் வாயில் ஒரு சொட்டு நின்றது. ரத்தம் இல்லை, வெள்ளையாக. லியோ தலையைத் திருப்பி அவர் கையை நக்கியது.)

லோகேஷ்: பார்த்தீங்களா, சின்னதுதான்.

மாதையன்: வாய் சின்னது. நாய் கடிச்சா கடிச்ச எடத்துல விடாதுடா, உதறும். மேல்தோல் பல்லோடவே போயிட்டுத் திரும்பி வந்துரும். அடியில சதை கிழிஞ்சு, முடியும் எச்சிலும் உள்ளயே தங்கிரும். மேல மூடிக்கும், உள்ள சீழ் வெச்சுக்கிட்டுப் போகும். என் ஆட்டைத் தெருநாய் கடிச்சப்ப டாக்டர் கத்தரிச்சுக் காட்டினாரு. நீ மஞ்சளைக் கொழைச்சு இருந்த வழியையும் அடைச்சிருக்கே. வலிக்கு ஏதாச்சும் கொடுத்தியா?

லோகேஷ்: நம்ம ஐபுபுரூஃபன் இருந்துச்சு, பாதி மட்டும் சோத்துல...

மாதையன்: அது நாய்க்கு வயித்தைப் புண்ணாக்கும், கிட்னிக்கும் ஆகாது. எப்ப, எத்தனை கொடுத்தேன்னு ஒரு காயிதத்துல எழுதி டாக்டர் கையில கொடு. நாய்க்காரங்களுக்குச் சொல்லிட்டியா?

லோகேஷ்: தினமும் மூணு போட்டோ அனுப்பறேன் மாமா. பேக்கேஜ்ல அது உண்டு.

மாதையன்: காட்டு. "லியோ சூரியோதயத்தை ரசிக்கிறான்." சரி. "லியோ மலைக்காற்றில் தியானம்." சரி. ஏண்டா, செவ்வாய்க்கிழமையிலேர்ந்து இந்த நாய்க்கு எடது பக்கம் மட்டும்தான் இருக்கா?

லோகேஷ்: வெளிச்சம் அந்தப் பக்கம் நல்லா விழுது மாமா.

மாதையன்: காலைலயும் சாயந்திரமும் ஒரே பக்கமா? சூரியனையும் சம்பளத்துக்கு வெச்சிருக்கியா?

லோகேஷ்: மாலத்தீவு போயிருக்காங்க, கல்யாண நாள். நாம ஏன் அவங்க நிம்மதியைக் கெடுக்கணும்? வாடிக்கையாளர் அனுபவம்னு ஒண்ணு இருக்கில்லீங்க.

மாதையன்: அனுபவம் இப்ப கழுத்துல சீழ் வடியுது. போனைப் போடு.

லோகேஷ்: அவங்க நம்பர் அடிக்கல. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர்னு பாரத்துல ஒரு கட்டம் இருக்கு, அதையும் திங்கக்கிழமை ராத்திரியே போட்டுப் பார்த்தேன்.

மாதையன்: யார் எடுத்தா?

லோகேஷ்: என் பாக்கெட்ல அடிச்சுது. அவங்களுக்கு வேற ஆளு ஞாபகம் வரல போல, நம்ம விடுதி நம்பரையே எழுதிட்டாங்க.

மாதையன்: அவங்களும் அப்படியா! பதினோரு பக்கம் பாரம், நாய்க்குப் புடிச்ச பாட்டு என்னன்னு ஒரு கேள்வி, மத்தியானத் தூக்கத்துக்கு எந்தப் போர்வைன்னு ஒரு கேள்வி. அடிபட்டா எந்த டாக்டர், எத்தனை ரூபா வரைக்கும் கேக்காம செலவு பண்ணலாம், அவங்க கிடைக்கலேன்னா யாரு முடிவு சொல்றது, இதெல்லாம் எங்கடா?

லோகேஷ்: அதுக்குத்தான் ஏழாவது விதி இருக்கே. படிக்கிறேன் கேளுங்க. "தங்கும் காலத்தில் ஏற்படும் காயம், நோய், மரணம், காணாமல் போதல், யானை, சிறுத்தை, இடி, மின்னல், மன உளைச்சல் எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல. செல்லப்பிராணி உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் விடப்படுகிறது." கையெழுத்தும் வாங்கியிருக்கேன்.

மாதையன்: இதே வசனத்தை டெல்லி தாஜ் மஹால் ஹோட்டல்காரன் கார் டோக்கன்ல அச்சடிச்சு வெச்சிருந்தான். 1998ல ஒருத்தர் மாருதி ஜென் காரை வாசல்ல சாவியோட கொடுத்துட்டு உள்ள போனாரு. திரும்பி வந்தா வேற எவனோ ஓட்டிக்கிட்டுப் போயிட்டான். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் நடந்து 2019 நவம்பர்ல தீர்ப்பாச்சு. சாவியை வாங்கிட்டேல்ல, நல்லபடியாத் திருப்பிக் கொடுக்கறது உன் வேலை. உன் அசட்டையால போச்சுன்னா சொந்தப் பொறுப்புன்னு எழுதித் தப்பிக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க.

லோகேஷ்: அது கார் மாமா. இது நாய்.

மாதையன்: 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். அடுத்தவன் பொருள் உன் கையில இருந்தா, புத்தியுள்ள மனுஷன் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்குவானோ அப்படிப் பார்த்துக்கணும். 151ஆம் பிரிவு. உன்கிட்ட பார்த்துக்க விட்ட பசு கன்னு போட்டா கன்னையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கணும்னு வெள்ளைக்காரன் உதாரணமே எழுதி வெச்சிருக்கான். நீ ஓட்டையைச் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கறே.

லோகேஷ்: நானும் சட்டம் பார்த்தேன் மாமா. கூகுள்ல. மிருகவதைத் தடைச் சட்டம், 1960. மொதல் தடவைன்னா அபராதம் 10 ரூபாயிலேர்ந்து 50 ரூபாய் வரைக்கும்தான்.

மாதையன்: ஆமா. அஞ்செட்டியில டீயும் போண்டாவும் சாப்பிட்டா கழியற காசு. அதைப் பார்த்துட்டுத்தான் மூணு நாளா நிம்மதியாத் தூங்கினியா? அது வதைக்கு. காசு வாங்கிட்டுச் செய்யற சேவையில குறைன்னா கிருஷ்ணகிரி நுகர்வோர் ஆணையம் இருக்கு. 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணமே கெடையாது, ரெண்டு வருஷம் வரைக்கும் டைம் இருக்கு. மாலத்தீவுலேர்ந்து ஆற அமர வந்து போடலாம்.

லோகேஷ்: எதை வெச்சுப் போடுவாங்க? கேமராவுல மெமரி நெறஞ்சுபோச்சு. பழசு தானா அழிஞ்சிருக்கும்.

மாதையன்: தானாவா? போபால்ல 2023 அக்டோபர்ல ஒரு நாய்ப் பயிற்சிக்கூடத்துல நாயைத் தொங்கவிட்டுக் கொன்னுட்டு, உடம்பு சரியில்லாமச் செத்துதுன்னு சொன்னானுங்க. கேமரா பதிவையும் அழிச்சானுங்க. போலீஸ் அதை மீட்டெடுத்து உள்ள வெச்சது. உன்னை அவனுங்களோட சேர்க்கலேடா, மூஞ்சியை அப்படி வெச்சுக்காதே. அவனுங்க கொன்னானுங்க. நீ ஒரு குச்சியைப் போட்டுட்டு அந்தாண்டப் போனே, அவ்வளவுதான். ஆனா அழிக்கற வேலை ரெண்டு எடத்துலயும் ஒரே மாதிரி தெரியும்.

லோகேஷ்: அப்ப எல்லாத் தப்பும் என் மேலயா? ராக்கியோட ஓனர் பாரத்துல என்ன எழுதியிருக்காரு தெரியுமா? "மற்ற நாய்களுடன் பழகுவானா?" "மிக நட்பானவன்." நேத்துதான் வெசாரிச்சேன், பெங்களூர்ல ஒரு எடத்துல கடிச்சு வெளிய அனுப்பியிருக்காங்க.

மாதையன்: அதுக்கும் உதாரணம் இருக்கு. தன் குதிரை முரடுன்னு தெரிஞ்சும் சொல்லாம ஒருத்தன் இரவல் கொடுத்தான். வாங்கினவன் விழுந்து அடிபட்டான். கொடுத்தவன்தான் நஷ்டம் கட்டணும். 150ஆம் பிரிவு. அந்தாளைத் தாராளமாக் கேளு. ஆனா எழுதினதை நம்பி புது நாயை வந்த மொத நாளே ஒரே அடைப்புல விட்டது யாரு? நம்மூர்ல சந்தையிலேர்ந்து புது கிடா வந்தா ரெண்டு நாள் தனியாக் கட்டிப் பார்க்க மாட்டோமா? அதிருக்கட்டும், உன் கையில என்னடா கட்டு?

லோகேஷ்: விலக்கி விடறப்ப ராக்கி பல்லு பட்டுருச்சு. சும்மா கீறல்.

மாதையன்: ஐயையோ. ஊசி போட்டியா?

லோகேஷ்: அதெல்லாம் கரெக்டா பண்ணிட்டேன் மாமா! அப்பவே குழாய்த் தண்ணியில 15 நிமிஷம் சோப்பு போட்டுக் கழுவினேன். அரை மணி நேரத்துல ஆஸ்பத்திரி. ரேபீஸ் வெளையாட்டு இல்லீங்க. அன்னிக்கு ஒண்ணு, மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள்னு நாலு ஊசி. மூணாம் நாள் ஊசி இன்னிக்கு, இதோ கெளம்பிட்டே இருக்கேன்.

மாதையன்: பலே. சும்மா கீறலுக்கு அரை மணி நேரம். சீழ் வெச்ச கழுத்துக்கு மஞ்சளும் துண்டும். ஒரே சண்டை, ஒரே பல்லு. ராக்கியோட தடுப்பூசி புக் பார்த்தியா?

லோகேஷ்: அதான் மொதல்ல பார்த்தேன். எனக்காக. போட்டிருக்காங்க, தேதி சரியா இருக்கு.

மாதையன்: புத்தியுள்ள மனுஷன் தன் பொருளை எப்படிப் பார்த்துக்குவான்னு இதைவிட சாட்சி கோர்ட்டுக்கு வேண்டாம். கெளம்பறேல்ல, லியோவையும் வண்டியில ஏத்து. கோட்டை ஆஸ்பத்திரிக்கு விடு. அதுக்கு முன்னால உக்காந்து அவங்களுக்கு எழுது. போன் எடுக்கலேன்னா என்ன, ராத்திரி வாட்ஸப் பார்க்கறாங்கல்ல. தியான போட்டோவுக்கு இதயம் போட்டிருக்காங்களே.

லோகேஷ்: எழுதியே வெச்சிருக்கேன் மாமா, அனுப்பத்தான் நேரம் பார்த்தேன். "அன்புள்ள பெற்றோரே! உங்கள் குழந்தை இந்த வாரம் நண்பர்களோடு பழகுவதில் ஒரு புதிய பாடம் கற்றுக்கொண்டான். இயற்கை முறையில் பராமரித்து வருகிறோம்."

மாதையன்: சீழுக்குப் பேரு பாடமா? அழி. நான் சொல்றேன், அடி. "திங்கள் மாலை ராக்கி என்ற நாய் லியோவைக் கடித்தது. ஒரு தோல் குச்சியை நான் இரண்டு நாய்க்கும் நடுவில் போட்டதால் வந்த சண்டை. வலது கழுத்தில் இரண்டு பல் காயம், சீழ் வைத்திருக்கிறது. நான் மனிதர் மாத்திரை கொடுத்தேன், அது தவறு. உங்களிடம் மூன்று நாள் மறைத்தேன். இப்போது தேன்கனிக்கோட்டை கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போகிறேன். சிகிச்சைச் செலவு என்னுடையது." வலதுபக்கத்தைப் படம் எடுத்துச் சேர்.

லோகேஷ்: "மறைத்தேன்" மட்டும் வேண்டாமே மாமா. "தெரிவிக்கத் தாமதமானது"ன்னு போடலாமா? அஞ்சு நட்சத்திரம் வாங்கி வெச்சிருக்கேன்.

மாதையன்: என் ஆடு நாலு, மலையில ஒருத்தன்கிட்ட வாரத்துக்கு விட்டிருக்கேன். போன வருஷம் ஒண்ணு செத்துச்சு. பொழுது விடியறதுக்குள்ள நடந்து வந்து சேதி சொன்னான், தோலைக் கையோட கொண்டாந்தான். இப்பவும் அவன்கிட்டதான் விட்டிருக்கேன். சேதி வராம இருந்திருந்தா கறி தின்னுட்டான்னு முடிவு கட்டியிருப்பேன். அவன் எந்த நட்சத்திரமும் வாங்கல. "மறைத்தேன்"னு அடி.

(அடித்தான். அனுப்பினான். பின்சீட்டில் பழைய கோணிப்பை விரித்து லியோவை ஏற்றினார்கள். பண்டானாவை மாதையன் வாங்கி வேலியில் போட்டார். மூன்று மணி நேரம் கழித்து போன் வந்தது.)

லோகேஷ்: மாமா, கோட்டையிலேர்ந்து பேசறேன். மயக்க ஊசி போட்டுக் கழுவி விட்டுட்டாங்க, தையல் போடல, சீழ் வடியட்டும்னு தெறந்தே விட்டிருக்காங்க. வயித்துக்கும் மருந்து எழுதியிருக்காங்க. கழுத்துல புனல் மாதிரி ஒண்ணு மாட்டியிருக்கு. ஓனரம்மா மெசேஜ் பார்த்துட்டாங்க. மொதல்ல திட்டினாங்க. அப்புறம் டாக்டர்கிட்ட நேரா பேசணும்னாங்க, பேச வெச்சேன். நாளைக்கே திரும்பறாங்களாம்.

மாதையன்: சரி. ஊசி போட்டுக்கிட்டியா?

லோகேஷ்: போட்டாச்சு. இன்னொண்ணு மாமா... முடியை மழிச்சுப் பார்த்தா ஓட்டை ரெண்டு இல்ல. அஞ்சு.

மாதையன்: அவங்களுக்கு ரெண்டுன்னு எழுதியிருக்கோம். அஞ்சுன்னு திருத்தி அனுப்பு.