ஆகஸ்டில் தோற்ற அணி கிடையாது

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் ஆகஸ்ட் மாதம் என்றால் வெயில், புழுக்கம், கொசு, அப்புறம் அளவுகடந்த நம்பிக்கை. கல்லூரிக் கால்பந்து சீசன் தொடங்க இரண்டு மூன்று வாரம் இருக்கும். கால்பந்து என்றதும் மெஸ்ஸியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது நீள்உருண்டைப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் ஓட, நாலு பேர் சேர்ந்து அவரைச் சாய்க்கிற ஆட்டம். பந்தை உதைப்பதற்கென்று தனியாக ஆள் வைத்திருக்கிறார்கள். அவரும் பெரும்பாலும் ஓரமாக நின்றுகொண்டிருப்பார். போன வருஷம் உதை வாங்கிய அணியின் ரசிகரும் இந்த மாதத்தில் "இந்த வருஷம் நம்ம வருஷம்" என்றுதான் சொல்வார். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்களுக்குக் கணக்கு தெரியவில்லை என்பது என் கட்சி. கிடைக்கிற ஆதாரங்களை வைத்துப் பார்த்தால், அந்த ரசிகரின் ஆரூடம் சம்பளம் வாங்கும் நிபுணர்களின் ஆரூடத்துக்கு ஒன்றும் குறைந்ததில்லை. போதாக்குறைக்கு இலவசம்.

முதலில் இந்தப் பித்தின் ஆழத்தைச் சொல்லிவிட வேண்டும். அலபாமா மாநிலத்தில் தொழில்முறைக் கால்பந்தின் பெரிய அணி ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே மொத்தப் பக்தியும் டஸ்கலூசாவிலிருக்கும் அலபாமா பல்கலைக்கழகம், ஆபர்ன் பல்கலைக்கழகம் ஆகிய இரண்டு சன்னிதிகளுக்கே போய்ச் சேர்கிறது. டஸ்கலூசாவின் மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம்; அங்குள்ள மைதானத்தின் இருக்கைகளும் ஏறத்தாழ ஒரு லட்சம். ஏப்ரலில் அணியை இரண்டாகப் பிரித்துத் தங்களுக்குள்ளேயே ஓர் ஆட்டம் ஆடிக்காட்டுவது நீண்டகால வழக்கமாக இருந்தது. நிக் சேபன் பயிற்சியாளராக வந்த 2007இல் அதைப் பார்க்க மட்டும் 92,000 பேருக்கு மேல் வந்தார்கள். தன்னோடு தானே மோதும் அணி தோற்க வழியில்லை என்று நாம் நினைப்போம். தேர்ந்த ரசிகர் அப்படி ஏமாற மாட்டார். தாக்குதல் வரிசை புள்ளிகளைக் குவித்தால் "தடுப்பு வரிசை ஓட்டையாக இருக்கிறதே" என்று கவலைப்படுவார். குவிக்காவிட்டால் கவலை இடம் மாறும். 2010இல் 24 புள்ளிகள் முன்னால் இருந்த அலபாமா கடைசியில் 28-27 என்று ஆபர்னிடம் தோற்றது. அந்த வயிற்றெரிச்சலில் அலபாமா ரசிகர் ஒருவர், ஆபர்ன்காரர்கள் வெற்றியைக் கொண்டாடக் கூடும் முச்சந்தியிலிருந்த பழைய ஓக் மரங்களுக்கு விஷம் வைத்தார். வைத்தவர் சும்மா இருந்தாரா? வானொலி நிகழ்ச்சிக்குப் போன் போட்டு அதைச் சொல்லியும் விட்டார். இப்படிப்பட்ட பூமியில் ஆகஸ்ட் மாத நம்பிக்கை என்பது மிதமான அறிகுறிதான்.

இனி நிபுணர்களைப் பார்ப்போம். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 1950 முதல் சீசனுக்கு முன்பே தரவரிசை வெளியிட்டு வருகிறது. விளையாட்டு நிருபர்கள் வாக்களித்து, ஒருவரும் பந்தைத் தொடுவதற்கு முன்பே யார் முதலிடம், யார் பத்தாமிடம் என்று அறிவித்துவிடுவார்கள். அந்த முதலிடத்தைக் கடைசி வாரம் வரை ஓர் அணி விடாமல் வைத்திருந்தது முதன்முதலாக 1999இல்தான். ஃபுளோரிடா ஸ்டேட் அணி. அரை நூற்றாண்டு காத்திருந்து பலித்த ஜோசியம். அதே ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு 2024இல் பத்தாமிடம் கொடுத்தார்கள். அது 2 ஆட்டங்களில் வென்று 10 ஆட்டங்களில் தோற்றது. அதே வருஷம் பிக் டென் என்ற கல்லூரிகளின் கூட்டமைப்பில் இண்டியானா 18 அணிகளில் 17ஆவதாக வரும் என்று நிருபர்கள் கணித்தார்கள். இண்டியானா 11 ஆட்டங்களில் வென்றது. சரி, தப்பைத் திருத்திக்கொண்டார்களா என்றால், 2025இல் தேசியத் தரவரிசையில் அதை 20ஆம் இடத்தில் வைத்தார்கள். அது ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் தேசியக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. அந்த வருஷம் முதலிடம் கொடுக்கப்பட்ட டெக்சஸ் முதல் ஆட்டத்திலேயே ஒஹாயோ ஸ்டேட்டிடம் 14-7 என்று தோற்றது. பஞ்சாங்கம் எழுதுபவராவது மழை வரும் என்று போட்டுவிட்டு எந்த ஊரில் என்பதைச் சொல்லாமல் தப்பித்துக்கொள்வார். இவர்களுக்கு அந்தச் சாமர்த்தியமும் இல்லை.

நிபுணர்கள் முட்டாள்கள் என்பதல்ல என் வாதம். அவர்கள் உழைப்பாளிகள், சீசனுக்கு முன் வரும் சிறப்பிதழ்களைப் புரட்டினால் கண் வலிக்கும் அளவுக்குப் புள்ளிவிவரம் இருக்கும். ஆனால் ஆராயப்படும் பொருள் அப்படி. ஒரு சீசனுக்கு ஓர் அணி ஆடுவது 12 ஆட்டங்கள். பேஸ்பால் போல 162 அல்ல. பந்து ஒரு முறை தப்பான பக்கம் உருண்டால் பன்னிரண்டில் ஒரு பங்கு போச்சு. ஆடுகிறவர்கள் பெரும்பாலும் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுப் பையன்கள். அந்த வயதில் எவரும் அடுத்த வாரம் என்ன செய்வார் என்பதை அவரைப் பெற்றவர்களாலேயே சொல்ல முடியாது. போதாததற்கு 2018இல் வீரர்கள் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்ள 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்ற வாசலைத் திறந்துவிட்டார்கள். 2021 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கவும் அனுமதி. ஆகவே போன வருஷம் எதிரியாக நின்று நெஞ்சில் மிதித்த, பந்தெறியும் குவார்ட்டர்பேக் இந்த வருஷம் நம் வீட்டு மாப்பிள்ளை. பாதி அணி புதுசு. போன வருஷத்துக் கணக்கை வைத்துக்கொண்டு இந்த வருஷத்து அணியை எடைபோடுவது, காலிசெய்துவிட்டுப் போன குடித்தனக்காரரின் குணத்தை வைத்துப் புதிதாக வந்தவரிடம் வாடகை பேசுவது மாதிரி. இருட்டறையில் இரண்டு பேர். ஒருவர் கையில் பூதக்கண்ணாடி. அவ்வளவுதான் நிபுணருக்கும் ரசிகருக்கும் உள்ள வித்தியாசம்.

இந்த நம்பிக்கைக்கு விலை அதிகம் என்று ஓர் ஆட்சேபம் வரும். உண்மைதான். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தேசியக் கோப்பையைக் கடைசியாகப் பார்த்தது 1939இல். மறுபடி பார்க்கும் ஆசையில் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷருக்கு நீண்ட ஒப்பந்தம் போட்டார்கள். 2023 நவம்பரில் பாதியில் அனுப்பினார்கள். "வேலைக்கு வர வேண்டாம்" என்று சொல்வதற்கு ஆன செலவு 7.5 கோடி டாலருக்கும் மேல். வேலை செய்யாமலிருக்க இவ்வளவு வாங்கியவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். ஆனால் இந்தக் குற்றத்தை யார் தலையில் போடுவது? ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு மேல் வரிசையில் வியர்க்கும் ரசிகர்கள் அல்லர். நிர்வாகிகளும் கொடை வள்ளல்களும். ரசிகரின் நம்பிக்கை டிசம்பரில் தானாகக் காலாவதியாகிவிடும். வள்ளலின் நம்பிக்கைதான் வட்டியோடு பத்து வருஷத்துக்கு எழுதப்படுகிறது.

இன்னொரு ஆட்சேபம் பூகோளத்திலிருந்து வருகிறது. வட்டாரப் பகை, அக்கம்பக்கத்து அணி என்பதெல்லாம் போய்விட்டதே, இனி யாரை நம்பி ஆசைப்படுவது என்கிறார்கள். அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பில் 2024 முதல் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்கிலியும் உறுப்பினர்கள். இரண்டும் பசிபிக் பக்கம். பிக் டென்னில் பத்து அல்ல, பதினெட்டு. கல்லூரிகள் நடத்தும் கூட்டமைப்புகளுக்குத் திசையும் எண்ணிக்கையும் தெரியவில்லை என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். ரசிகருக்கு இதனால் நஷ்டமில்லை. அலபாமாக்காரருக்குச் சீசன் என்பது நவம்பர் கடைசியில் ஆபர்னோடு நடக்கும் அந்த ஓர் ஆட்டம்தான். அதை எந்தத் தொலைக்காட்சி ஒப்பந்தமும் இன்னும் கலிஃபோர்னியாவுக்கு மாற்றவில்லை.

கனமான ஆட்சேபம் மூன்றாவது. கடைசியில் பணக்கார அணிகள்தானே ஜெயிக்கின்றன என்பது. 2006 முதல் 2012 வரை ஏழு தேசியக் கோப்பைகளும் தென்கிழக்குக் கூட்டமைப்புக்கே போயின; அதில் மூன்று அலபாமாவுக்கு. மறுக்கவில்லை. ஆனால் ரசிகர் கேட்பது கோப்பை என்று யார் சொன்னது? ஆபர்ன் 2012இல் கூட்டமைப்பு ஆட்டங்கள் எட்டிலும் தோற்ற அணி. 2013 ஆகஸ்டில் ஆபர்ன் ரசிகரின் நம்பிக்கையைப் பார்த்து ஊரே பரிதாபப்பட்டிருக்கும். நவம்பர் 30 அன்று கடைசி வினாடியில் அலபாமா உதைத்த பந்து கம்பத்துக்குப் போய்ச் சேராமல் தொங்கி விழ, ஆபர்ன் வீரர் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடினார். 34-28 என்று ஆபர்ன் ஜெயித்தது. அதன்பின் தேசிய இறுதியாட்டத்தில் ஆபர்ன் தோற்றுப்போனது; அதைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை.

அதற்கும் மேலே வாண்டர்பில்ட். நாஷ்வில்லிலிருக்கும் இந்தப் பல்கலைக்கழகம் படிப்பில் கெட்டி. கால்பந்தில் தலைமுறை தலைமுறையாக மற்றவர்களின் வெற்றிக் கணக்கை உயர்த்தும் தர்மகாரியம் செய்து வந்தது. 2024க்கு முன் அலபாமாவை அது கடைசியாக வென்றது 1984இல். 2024க்கான கணிப்பில் தென்கிழக்கின் 16 அணிகளில் அதற்குக் கிடைத்த இடம் 16. அந்த ஆகஸ்டில் "அலபாமாவை அடிப்போம்" என்று ஒரு வாண்டர்பில்ட் ரசிகர் சொல்லியிருந்தால் பக்கத்திலிருந்தவர் அவருக்குத் தண்ணீர் கொடுத்திருப்பார். அக்டோபர் 5 அன்று, அப்போது தேசத்தில் முதலிடத்திலிருந்த அலபாமாவை வாண்டர்பில்ட் 40-35 என்று வென்றது. கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி, கோல் கம்பத்தைப் பெயர்த்து, நகரத் தெருக்கள் வழியே மைல் கணக்கில் சுமந்து போய் கம்பர்லண்ட் ஆற்றில் போட்டது. மைதானத்துக்குள் இறங்கியதற்குக் கூட்டமைப்பு 1,00,000 டாலர் அபராதம் விதித்தது. பல்கலைக்கழகம் கம்பத்தை ஆற்றிலிருந்து எடுத்து, துண்டு துண்டாக அறுத்து, ரசிகர்களுக்கே விற்றது.