நாலாவது போட்டி

மாமாவுக்கு நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் ஒரு பொருட்டே இல்லை. 750 மீட்டர், 20 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர் என்று நம்மைப் போன்ற தொப்பைக்காரர்களும் எட்டிப் பார்க்கக்கூடிய ‘ஸ்பிரின்ட்’ டிரையத்லான்தான் அவருடையது. “அதெல்லாம் யார் வேணும்னாலும் பண்ணலாம் சார். நடுவுல டிரெஸ் மாத்தறதுதான் நாலாவது போட்டி. கடிகாரம் நிக்காது!”

வாஸ்தவம். குளத்திலிருந்து ஏறிச் சைக்கிளை எடுக்கும் நேரமும், சைக்கிளை விட்டு ஓடக் கிளம்பும் நேரமும் கணக்கில் சேரும். ‘டிரான்சிஷன்’ என்பார்கள். அதற்காக டெல்லி முனிர்கா டிடிஏ பிளாட் பார்க்கிங்கில், விடியற்காலை ஐந்தரைக்கு, தினமுமா?

முதலில் ஒரு பக்கெட் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொள்வார். நீச்சல் முடிந்தது. சொட்டச் சொட்ட ஓடி வருவார். தரையில் விரித்த துண்டில் ஹெல்மெட்டும் ஷூவும் தயார். ஈரக்கால் வழுக்கிக்கொண்டு நுழைய ஷூவுக்குள் பவுடர். நாடாவுக்குப் பதில் மாமியின் தையல் டப்பாவிலிருந்து எலாஸ்டிக். ஹெல்மெட் வாரை மாட்டாமல் சைக்கிளைத் தொடக்கூடாது என்பது விதி. மாட்டுவார், தொடுவார், கத்துவார்: “கித்னா?”

“ஏக் மினட் பீஸ் செகண்ட், அங்கிள்ஜி” என்பான், பால் போட வந்து மாட்டிக்கொண்ட பையன்.

மறுபடி பக்கெட். சைக்கிளில் மட்டும் ஏற மாட்டார்.

நவம்பரில் டெல்லி புகையில் மூழ்கும், நீச்சல் குளங்களை மூடிவிடுவார்கள், காளிந்தி குஞ்ச் பக்கம் யமுனையில் நுரை மிதக்கும். பக்கெட்டுக்கு ஏது சீசன்? மலை மந்திர் வாசலில்கூடச் செருப்பைக் கையால் தொடாமல் உதறிவிட்டு வாட்சைப் பார்க்கிறார். நடிகர் மிலிந்த் சோமன் ஐம்பதை நெருங்கும் வயதில், 2015-ல், சூரிச்சில் அயர்ன்மேன் டிரையத்லான் முடித்தாரே என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம். மாமா யோசித்துவிட்டுக் கேட்டார்: “டிரெஸ் மாத்த எத்தனை நிமிஷம் ஆச்சாம்?”

போன வருஷப் போட்டியில் நீச்சலில் கடைசி. அது தெரிந்ததுதான். துண்டருகே வந்தபோது மனிதர் முகத்தில் ஒரு பிரகாசம். பக்கத்தில் ஒரு காலேஜ் பெண், குளிரில் விரல் மரத்து, ஹெல்மெட் வாரை மாட்ட முடியாமல் அழும் நிலையில் நின்றாள். மாமா தன் ஷூவை அப்படியே போட்டுவிட்டுப் போய் அவளுக்கு மாட்டிவிட்டார். அவளை வழியனுப்பிவிட்டுத்தான் தன் பவுடரைத் தேடினார். நாலு நிமிஷம் போயிற்று. வருஷம் முழுக்கப் பழகிய ஒரே வித்தை! நான் கைதட்டினேன், மனசாரத்தான்.

ஆனால் அவர் தொட்டுத் தொட்டுப் பழகும் சைக்கிள் என்னுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று வாங்கிப் போய் ஏழு மாதம் ஆகிறது. நான் காய்கறிக்கு நடந்து போகிறேன். கேட்டால், “செட் ஆயிடுச்சு சார்” என்கிறார். நிறுத்தியே வைத்திருப்பதில் என்ன செட்?

மாமா, இதைப் படித்தால் சைக்கிளைப் பம்போடு கொண்டுவந்து விட்டுவிடுங்கள். வரும்போது ஏறி ஓட்டிக்கொண்டே வரலாம். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.