டார்ச் மாமா

புது டார்ச்சைக் கையில் வாங்கியதும் எல்லோரும் சுவிட்சைத் தள்ளுவார்கள். எங்கள் மாமா அடிமூடியைத் திருகுவார். எரிகிறதா என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. எரியத்தான் செய்யும், கடைக்காரன் அதற்குத்தானே காசு வாங்கினான்! ஸ்பிரிங் எத்தனை சுற்று, தகடு பித்தளையா தகரமா, ரிஃப்ளெக்டர் உலோகமா பிளாஸ்டிக்கா என்று மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்ப்பார். பிறகு தீர்ப்பு வரும்: “மோசமில்ல. ஆனா...”

அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு எந்த டார்ச்சும் பழைய நிலையில் வீடு திரும்பியதில்லை.

மாமா மன்னார்குடிப் பக்கம். அங்கே டார்ச் என்பது காதுகுத்துக்குக் கொடுக்கும் பரிசுப்பொருள் அல்ல. முன்பெல்லாம் பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் பல நாள் ஊர் தூங்குகிற நேரமாகப் பார்த்து வரும். மோட்டார் போட வரப்பில் நடக்கிறவனுக்கு முன்னால் மூணு கட்டை டார்ச்சின் வெளிச்சம் போக வேண்டும், பின்னால்தான் கால். பாம்புக்கு வெளிச்சத்தில் மரியாதை இருக்கிறதோ இல்லையோ, மனிதனுக்குக் கொஞ்சம் தைரியம் இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் டார்ச்சைப் பற்றி ஒருவர் யோசிப்பதில் தப்பில்லை. மாமா அதைத் தவிர வேறெதையும் யோசிப்பதில்லை என்பதுதான் அத்தையின் குறை.

பட்டறை திண்ணையில்தான். பட்டறை என்றால் ஒரு பிஸ்கட் டின். அதில் மொக்கையான ஓர் அரம், துணி சுற்றிய ஆக்சா பிளேடு பாதி, இரண்டு திருப்புளி, கட்டிங் பிளேயர், பற்றவைக்கும் அயர்ன், எம்-சீல், உப்புத்தாள். பிடித்துக்கொள்ள வைஸ் கிடையாது. அதனால் என்ன, வாசல் கதவு இருக்கிறதே! அலுமினியக் குழாயைச் சைக்கிள் டியூப் துண்டில் சுற்றி, கீல் பக்கம் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் செருகி, முழங்காலால் கதவை நெருக்கி அறுப்பார். அந்த நேரம் யாரும் வீட்டுக்குள் போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. பால்காரர் ஒருமுறை இருபது நிமிடம் பாலோடு வாசலில் நின்றார். கடைசியில் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

குண்டு பல்பு காலத்தில் மாமாவுக்கு இருந்தது ஒரே கவலை: குவியம். ரிஃப்ளெக்டர் பரவளையம். அதன் குவியத்தில் பல்பின் இழை சரியாக உட்கார்ந்தால் வெளிச்சம் கட்டு குலையாமல் தூரம் போகும். ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் நடுவில் கறுப்பாக ஓட்டை விழுந்த வடைபோல் சுவரில் பரவும். அந்த ஒரு மில்லிமீட்டருக்காகத் தீப்பெட்டி அட்டையை வளையமாக வெட்டி, பல்புக்கு அடியில் ஒன்று வைப்பார், எடுப்பார், மறுபடி வைப்பார். தாலி கட்டும் முகூர்த்தத்துக்குக்கூட அவ்வளவு துல்லியம் பார்த்திருக்க மாட்டார்.

அப்புறம் எல்.இ.டி. வந்தது. மாமாவுக்கு மறுபிறவி. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானில் பளிச்சென்ற நீல எல்.இ.டி. உருவாகியிராவிட்டால் இன்றைய வெள்ளை வெளிச்சம் இல்லை. நீலச் சில்லின்மேல் மஞ்சள் பூச்சு, அவ்வளவுதான் வெள்ளை. இதை அவர் பெண் பார்க்க வந்தவர்களிடமும் விளக்கியிருக்கிறார். 2014-ல் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் அதற்காக நோபல் பரிசு கிடைத்தபோது தெருவுக்கே காராசேவு வாங்கிக் கொடுத்தார். பங்காளி வீட்டுப் பையன் மாவட்டத்தில் முதல் மதிப்பெண் வாங்கியதுபோல் ஒரு பூரிப்பு முகத்தில்.

ஆனால் பழைய டார்ச்சின் வயிற்றில் எல்.இ.டி. வைப்பது லேசான காரியமில்லை. மூன்று கட்டைக்கு 4.5 வோல்ட். வெள்ளை எல்.இ.டி. கேட்பதோ 3 வோல்ட்டும் சொச்சமும். நேராகக் கொடுத்தால் கல்யாண வீட்டு வெளிச்சம் ஒரு நொடி, அப்புறம் கருமாதி. “மிச்ச வோல்ட்டைத் தின்னுட்டுச் சும்மா கிடக்க வீட்டுல ஒரு வெட்டி மச்சான் வேணும் மாப்பிள்ளை. அதுதான் ரெசிஸ்டர்” என்பார். சொல்லும்போது என் அப்பா பக்கம் பார்வை போகும். அப்பாதான் அவருடைய மச்சான்.

அடுத்தது சூடு. எல்.இ.டி. சூடாகாது என்பவர்கள் அதன் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்காதவர்கள். சூட்டை வாங்கிக் குழாய்க்குக் கடத்த உள்ளே வட்டமாய் ஓர் அலுமினியத் தகடு வேண்டும். நல்ல தடிமனான அலுமினியம் வீட்டில் ஒரே இடத்தில்தான் இருந்தது. அத்தையின் தூக்குவாளி மூடி நடுவில் வட்ட ஓட்டையோடு கண்டெடுக்கப்பட்ட அன்று இரவு மாமா திண்ணையிலேயே படுத்தார். கோபித்துக்கொண்டு அல்ல, கதவு தாழிடப்பட்டிருந்தது.

என் செத்துப்போன லேப்டாப்பையும் அவர்தான் வாங்கிக்கொண்டார். பேட்டரியை உடைத்தால் ஆறு லித்தியம் செல்கள். ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 நீளம். கட்டை போடும் குழாய்க்குள் அது கிலுகிலுப்பை. அதனால் 25 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் ஒரு துண்டு, அதைச் சுற்றிச் செய்தித்தாள், நீளம் நிரப்ப மரக்கட்டை, கட்டையின் நடுவே பித்தளைத் திருகாணி. பார்க்க அழகான வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரும்பு ஸ்கேல் ஒன்று அந்த செல்லின் இரண்டு முனையையும் தொட்டபோது செல் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. கட்டை பேட்டரி கோபம் வந்தால் ஒழுகும். லித்தியம் பற்றி எரியும். மணல் வாளியில் போட்டுத் தப்பித்தார். அன்றிலிருந்து அத்தை அந்த செல்களைச் சமையலறைக்குப் பத்தடி தள்ளி வைத்துவிட்டாள். மாமாவையும்.

முடிந்த டார்ச்சுக்குப் பரீட்சை ராத்திரியில். இலக்கு ஊர்த் தண்ணீர்த்தொட்டி. அது எட்டாத அன்று, எதிர்த் தோப்புத் தென்னையின் உச்சி. ஒருநாள் தோப்புக்காரர் தேங்காய்த் திருடன் என்று கம்போடு ஓடிவந்தார். மாமா அவரை நிறுத்தி, தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும் என்பதைத் தென்னைக்குத் தென்னை நடத்திக் காட்டினார். திருடனையாவது அடித்திருக்கலாம் என்றார் அவர் மறுநாள் டீக்கடையில்.

இந்த வகை மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறார்கள். கல்யாணப் பந்தியில் யாரோ சாவிக்கொத்தில் தொங்கும் குட்டி டார்ச்சை இலைக்குப் பக்கத்தில் வைப்பார். மாமாவின் கை ரசத்தோடு நிற்கும். பத்து நிமிடத்தில் இருவரும் ஜெனரேட்டர் பக்கம் குந்தியிருப்பார்கள். பேர், ஊர், என்ன உறவு, எதுவும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்த ராத்திரி மாமாவிடம் ஏழு டார்ச்சுகள் இருந்தன. ஏழும் திறந்து கிடந்தன. ஓடு பறக்கிற சத்தத்துக்கு நடுவே அத்தை அரிசி டிரம்முக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய இரண்டு கட்டை டார்ச் ஒன்றை எடுத்தாள். அம்மா வீட்டிலிருந்து வந்தது. இத்தனை வருடமாய் மாமா கண்ணில் படாததால் முழு உடம்போடு இருந்தது. சுவிட்சைத் தள்ளினாள், எரிந்தது.

“ஏங்க, இங்க வாங்க, பின்பக்கம் தண்ணி வருது.”

“வரேன், வரேன். அந்த டார்ச்சை இப்படிக் கொஞ்சம் அடி. ஸ்பிரிங் எங்கயோ தெறிச்சுடுச்சு.”

அடுத்த பல நாட்கள் கரண்ட் இல்லை. அப்போது மாமா செய்ததைச் சொல்லாமல் விட்டால் பாவம். தெருவில் தூக்கிப் போட்ட செத்த கட்டைகளைப் பொறுக்கி வந்தார். ஒரு ஃபெரைட் வளையத்தில் மெல்லிய கம்பியைச் சுற்றி, ஒரு டிரான்சிஸ்டரைச் சேர்த்தார். ஒன்றரை வோல்ட்டுகூட இல்லாத ஒற்றைக் கட்டையில் எல்.இ.டி. எரிந்தது. ‘ஜூல் திருடன்’ என்று அந்தச் சுற்றுக்குப் பேராம். கட்டையில் ஒட்டியிருக்கும் கடைசிச் சொட்டையும் அது திருடிக்கொள்ளும். ஒன்பது வீட்டுக்குச் செய்து கொடுத்தார். மறுநாள் காலையே “சின்ன வேலை ஒண்ணு பாக்கி இருக்கு” என்று திரும்ப வாங்க வந்தபோது ஒன்பது வீடும் கதவைத் திறக்கவில்லை.

போன மாதம் போயிருந்தேன். அத்தை கொல்லைக்குப் போனதும் மாமா என் பக்கம் சாய்ந்தார்.

“அவ டார்ச்சைப் பாத்தியா மாப்பிள்ளை, அன்னிக்கு?”

“நல்லா எரிஞ்சுதுன்னு அத்தை சொன்னாங்களே.”

“எரியுது, எரியுது. மோசமில்ல. ஆனா...” என்றவர், கொல்லைப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “அரிசி டிரம்முல இல்ல. இப்ப எங்க வச்சிருக்கான்னு உனக்குத் தெரியுமா?”