ஒரு சதவீதப் படம்

போர்ட் பிளேரில் சின்ன வயதில் நாங்கள் சினிமாவுக்குப் போனால் முதலில் அரசாங்கம் வரும், அப்புறம்தான் எம்.ஜி.ஆர். வருவார். அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்த செய்திப் படத்தைப் போடாமல் தியேட்டர்காரர் மெயின் படத்தைத் தொட முடியாது. லைசென்சிலேயே அப்படி நிபந்தனை. வசூலில் ஒரு சதவீதம் வாடகையும் அவர் தலையில்தான். ஜனங்கள் பீடி பிடிக்க வெளியே போகும் பத்து நிமிடத்துக்குப் பணம் கட்டிய வியாபாரி உலகத்தில் வேறு யார்?

படப்பெட்டி கப்பலில் மூன்று நாள் ஆடி வரவேண்டும். எங்கள் முறை வருவதற்குள், தில்லிக் குடியரசு தின அணிவகுப்பை இங்கே அடைமழையில் பார்ப்போம். பம்பாயில் உட்கார்ந்து தமிழ் பேசிய அந்தக் கனத்த குரலுக்கு வெள்ளம் வந்தாலும் அணை திறந்தாலும் ஒரே சுருதி.

1974-ல் அந்தப் படக்காரர்கள் எங்கள் அந்தமான் தீவுகளுக்கே வந்தார்கள். பிரேம் வைத்யா இயக்கிய 'மேன் இன் சர்ச் ஆஃப் மேன்'. கூடவே மானிடவியலாளர்கள், துப்பாக்கியோடு போலீஸ். வெளியாரை அண்டவிடாத பழங்குடியினர் வாழும் வடக்கு சென்டினல் தீவின் கரையில் பரிசுகளை வைத்தார்கள்: தேங்காய், அலுமினியப் பாத்திரம், ஒரு பொம்மை, பிளாஸ்டிக் கார், உயிரோடு ஒரு பன்றி. கரையிலிருந்து வந்த அம்பு இயக்குநரின் இடது தொடையில் பாய்ந்தது. எய்தவர் சிரித்தாராம். பன்றியையும் பொம்மையையும் ஈட்டியால் குத்திப் புதைத்துவிட்டு, தேங்காயையும் பாத்திரத்தையும் மட்டும் எடுத்துப் போனார்கள். போர்ட் பிளேர் ரசிகர்கள் பீடியோடு நிறுத்திக்கொண்ட விமர்சனம் அங்கே முழுதாக வந்தது. கணக்கு அலுவலகத்தில் இருந்த அப்பா, அந்த அம்புக்கான வைத்தியச் செலவை எந்தத் தலைப்பில் எழுதியிருப்பார்கள் என்று ரொம்ப நாள் யோசித்தார்.

1948-ல் பிறந்த ஃபிலிம்ஸ் டிவிஷனை தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்க 2022-ல் உத்தரவானது. எங்கள் ஊர் பெயரும் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. அரசுக்கான டெங்கு விழிப்புணர்வுப் படம், சுற்றுலாப் படம் எல்லாம் இப்போது என் அக்கா மகன் மாதிரிப் பையன்கள் கையில். இயக்குநர், கேமரா, எடிட்டிங், குரல் எல்லாம் அவனே. லைட் பாய் சூரியன். செலவு குறைந்துவிட்டதே என்று சந்தோஷப்பட முடியவில்லை. அவன் அனுப்பும் படம் போய்ச்சேர, சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டார்கள், 2020-ல், 1,224 கோடி ரூபாயில். அதன் வழியாக வந்து சேர்ந்த டெங்கு கொசுவை ஜனங்கள் ஐந்தாவது விநாடியில் தள்ளிவிடுகிறார்கள்.

போன வருஷம் அவனோடு பாராட்டாங் போனேன். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. ஜாரவாப் பழங்குடிப் பெண்களைச் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடவைத்த வீடியோ 2012-ல் வெளிவந்து உலகமே காறித் துப்பியதிலிருந்து இங்கே கெடுபிடி அதிகம். மீறிப் படம் எடுத்தால் ஜெயில்கூட உண்டு. போலீஸ்காரர் செல்போனைப் பைக்குள் வைக்கச் சொன்னார்.

"கவர்மென்ட் ஆர்டர் இருந்தாக்கூட எடுக்க முடியாதா மாமா?"

"ஆர்டரோட போனவர்தாண்டா தொடையில வாங்கினார்."